மஸ்டாங்குக்குப் புதுச் சக்கரம், புதுத் தோற்றம்: மலைநாட்டு வீதியில் எது தாங்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2015 மொடலிலிருந்து வந்த ஃபோர்ட் மஸ்டாங்கை நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஓட்டுகிறவர் சக்கரம் மாற்ற நினைத்தால் 20 அங்குலத்துக்கு ஏற வேண்டாம். பிரேக் இடம் கொடுத்தால் 18க்கு இறங்குங்கள், இடம் கொடுக்காவிட்டால் கம்பனி கொடுத்த 19ஐயே வைத்துக்கொண்டு நிறத்தை மாற்றுங்கள். நிறத்துக்குப் பவுடர் கோட்டிங்தான் (பவுடரைப் பூசி அடுப்பில் உருக்குவது) முதல் தெரிவு. ஆனால் சக்கரத்தின் பின்முகத்திலும் நட் உட்காரும் குழியிலும் துளி பவுடர்கூட இருக்கக் கூடாது. ரப்பர் பெயின்ட் ஒரு சீசனுக்குப் போதும். டயமண்ட் கட், குரோம் இரண்டும் மழையும் மூடுபனியும் உள்ள ஊருக்குச் சரிவராது.

மஸ்டாங் 1964இலிருந்து வருகிற கார். ஆனால் வலப்பக்க ஸ்டியரிங்கோடு தொழிற்சாலையிலிருந்தே வரத் தொடங்கியது 2015 மொடலில்தான். ஆகவே நம் வீதியில் காண்பதில் பெரும்பாலானது அந்தத் தலைமுறைதான். கீழே சொல்லும் அளவுகளும் அதற்கே உரியவை. அதற்கு முந்திய தலைமுறையில், சக்கர நட் ஏறும் ஸ்டட்டின் தடிமனும் இறுக்கும் அளவும் வேறு, இந்த எண்களை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

18, 19, 20: மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

19 அங்குலச் சக்கரத்தோடு வரும் வண்டியில் முன்பக்கம் 9 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, வண்டியில் உட்காரும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) 45 மில்லிமீட்டர், டயர் 255/40, அதாவது அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 40 சதவீதம். வி8 ஜீடி வகையில் பின்பக்கம் 9.5 அங்குலம், ஆஃப்செட் 52.5, டயர் 275/40. டயரின் மொத்த உயரத்தைக் கணக்குப் போட்டால் முன்பக்கம் 686.6 மில்லிமீட்டர், பின்பக்கம் 702.6. எந்த அளவுக்கு மாறினாலும் இந்த இரண்டு எண்ணையும் விட்டு விலகக் கூடாது. விலகினால் மீட்டர் பிழை காட்டும், ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கட்டுப்பாடும் சக்கரங்களின் வேகத்தைத் தப்பாகக் கணிக்கும்.

முன்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 255/35R20 போட்டால் உயரம் 686.5. 255/45R18 போட்டால் 686.7. உயரம் மூன்றிலும் ஒன்றுதான், ஆனால் பக்கச்சுவர் ஒன்றல்ல. 20இல் பக்கச்சுவர் 89 மில்லிமீட்டர், 19இல் 102, 18இல் 115 அளவில் வரும். 20க்கும் 18க்கும் நடுவில் இருக்கும் அந்த 26 மில்லிமீட்டர் ரப்பர்தான் மலைநாட்டில் ரிம்மைக் காப்பாற்றுவது.

காரணம் நம் வீதியின் அமைப்பு. ஏ7இலும் ஏ5இலும் தார் நன்றாகவே இருக்கிறது. அடி விழுவது நடுவீதியில் அல்ல, ஓரத்தில். எதிரே கொழுந்து லொறியோ பஸ்ஸோ வளைவை முழுதாக எடுத்துக்கொண்டு வரும்போது இடப்பக்கச் சக்கரம் தார் விளிம்பை விட்டு இறங்கும். விளிம்புக்குக் கீழே மழை அரித்த பள்ளம், அதற்கப்பால் மூடி இல்லாத கான். திரும்ப ஏறும்போது தார் விளிம்பு டயரின் பக்கச்சுவரை உள்ளே மடக்கி ரிம்மின் உதட்டில் அடிக்கும். அதனால் இங்கே வளைகிற ரிம்களில் வெளி உதட்டைவிட உள் உதடு வளைந்தவையே அதிகம், வெளியே நின்று பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. 80க்கு மேல் போனால் ஸ்டியரிங் நடுங்கும், டயர் உள்பக்கம் பொம்மும், அப்போதுதான் விஷயம் வெளிவரும். தோட்டத்துக் கல்பாதையில் இறங்குகிற வண்டிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அழகு என்று பார்த்தால் 20தான் வளைவை நிறைக்கும், மறுக்கவில்லை. நுவரெலியா சீசனில் கிரகரி வாவிக் கரையில் நிறுத்திவைத்துப் பார்க்க அது கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் 18இல் அகலமான உதடும் தடித்த பக்கச்சுவரும் சேர்ந்தால் 60களின் மசில் கார் தோற்றம் வருகிறது. அந்தக் காலத்து மஸ்டாங் 13 முதல் 15 அங்குலச் சக்கரத்தில்தான் ஓடியது. இந்த உடலுக்கு அந்தத் தோற்றமே பொருத்தம் என்பது எங்கள் எண்ணம்.

18க்கு இறங்கத் தடை ஒன்றுதான்: பிரேக். ஜீடியின் முன் டிஸ்க் 380 மில்லிமீட்டர், ஆறு பிஸ்டன் பிரெம்போ கலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி). 18 அங்குல ரிம்மின் டயர் உட்காரும் விட்டம் 457 மில்லிமீட்டர். டிஸ்க் விளிம்பிலிருந்து அங்கே வரைக்கும் 38.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அந்த இடத்துக்குள் கலிப்பரின் முதுகு, ரிம்மின் தடிமன், காற்றுக்கான இடைவெளி மூன்றும் அடங்க வேண்டும். சில ரிம் அடங்கும், பல அடங்காது. 352 மில்லிமீட்டர் டிஸ்க்கும் நான்கு பிஸ்டனும் உள்ள 2.3 லீட்டர் எக்கோபூஸ்ட் வகையில் அதே இடம் 52.6 மில்லிமீட்டர். அதில் பெரும்பாலான 18 அங்குல ரிம்களும் நிற்கும்.

கடைக்காரர் ‘போகும்’ என்று சொல்வதை வைத்துப் பணம் கட்ட வேண்டாம். டயர் ஏற்றாத வெறும் ரிம்மைக் கேளுங்கள். பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணைக் கலிப்பரின் முதுகில் மூன்று இடத்திலும் முகத்தில் இரண்டு இடத்திலும் ஒட்டி, ரிம்மை மாட்டி, இரண்டு நட்டைக் கையால் இறுக்கி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பாருங்கள். நசுங்கிய களிமண் 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அந்த ரிம் உங்களுக்கு இல்லை. பேலன்ஸ் செய்யும்போது உள்ளே ஒட்டும் ஈயத் துண்டு 4, 5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இடைவெளி சிறிதாக இருக்கும் ரிம்மில் அந்தத் துண்டு கலிப்பருக்கு நேரே சுழன்று வரும் இடத்தில் ஒட்டப்பட்டால் முதல் சுற்றிலேயே உரசிப் பிய்ந்துவிடும். எந்த வரிசையில் ஒட்ட வேண்டும் என்று ரிம்மின் உள்ளே மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பது நல்லது.

பின்பக்கம் 275/40R19க்கு இணையான 18 அளவு 275/45R18. உயரம் 704.7, வித்தியாசம் 2 மில்லிமீட்டர். கணக்கில் சரி, ஆனால் கடையில் எடுத்துத் தர முடியாத அளவு இது. முன்கூட்டியே சொல்லி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு டயர் வெடித்தால் அடுத்த நாள் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். நான்கு சக்கரத்துக்கும் 255/40R19 வந்த எக்கோபூஸ்ட்டுக்கு நான்கும் 255/45R18. இதைவிடச் சுலபமான மாற்றம் இல்லை, முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு டயரைச் சமமாகத் தேய்க்கவும் முடியும்.

ஜப்பான் ரிம் பொருந்துமா?

மஸ்டாங்கின் ஐந்து ஸ்டட் வட்டம் 114.3 மில்லிமீட்டர். டொயோட்டா, ஹொண்டா, நிசான், மிட்சுபிஷி என்று நம் நாட்டில் நிறைந்து கிடக்கும் ஜப்பான் வண்டிகளில் பலவற்றுக்கும் அதே 5க்கு 114.3தான். அதனால் கழற்றிய ஜப்பான் ரிம் விற்கும் கடைகளில் ‘மஸ்டாங்குக்கும் போகும்’ என்ற பேச்சு எளிதாக வருகிறது. பாதி உண்மை.

நடுத்துவாரத்தைப் பாருங்கள். மஸ்டாங்கின் ஹப் (சக்கரம் உட்காரும் அச்சின் தலை) 70.5 மில்லிமீட்டர். டொயோட்டாவின் கம்பனி ரிம் 60.1, ஹொண்டா 64.1, நிசான் 66.1, மிட்சுபிஷி 67.1. ஒன்றுமே ஹப்பின் மேல் ஏறாது. லேத்தில் கடைந்து பெரிதாக்கித் தருகிறோம் என்பார்கள். நட் துளைக்கும் நடுத்துவாரத்துக்கும் இடையே உள்ள உலோகம்தான் முழுச் சுமையையும் தாங்குகிற இடம், அங்கே சுற்றிலும் 5 மில்லிமீட்டர் சீவுவதை நாங்கள் ஏற்கவில்லை. வண்டி 1,600 கிலோவுக்கு மேல்.

பொருந்துவது வெளிச்சந்தை ரிம். அவை பல வண்டிக்கும் பொதுவாக இருக்க வேண்டுமென்று நடுத்துவாரத்தை 73.1 என்று பெரிதாகச் செய்கிறார்கள். 73.1க்கும் 70.5க்கும் இடையில் ஒரு ஹப் ரிங் போட வேண்டும். இங்கே பிளாஸ்டிக் ரிங் வாங்காதீர்கள். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளை வரைக்கும் இறங்கினால் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் குறைகிறது. கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே வருகிறவரின் டிஸ்க்கும் ஹப்பும் எவ்வளவு சூடாகும் என்பதற்கு வளைவில் வரும் மணமே சாட்சி. பிளாஸ்டிக் மென்மையாகி உருமாறும், ரிம் மையம் விட்டு நகரும், கொழும்புக்குப் போகும் அதிவேக வீதியில் நடுக்கம் தெரியும். டயர்க்கடையில் நாலு தடவை பேலன்ஸ் செய்தாலும் அது போகாது. அலுமினிய ரிங் போடுங்கள். அதன் வெளிவட்டத்தில் மட்டும் மெல்லிய பூச்சாக ஆன்டி சீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் ரிங் ரிம்மோடு இறுகிக்கொள்ளும்.

ஆஃப்செட் கணக்கை ஒரு உதாரணத்தோடு சொன்னால் யாரும் போட்டுப் பார்க்கலாம். அகலத்தை மில்லிமீட்டராக்கிப் பாதியாக்குங்கள். ஆஃப்செட்டைக் கழித்தால் வெளியே நீட்டுவது, கூட்டினால் உள்ளே போவது. கம்பனி முன் ரிம்: 9 அங்குலம் 228.6, பாதி 114.3, ஆஃப்செட் 45. வெளியே 69.3, உள்ளே 159.3. ஜப்பான் வெளிச்சந்தை ரிம் 8.5 அங்குலம், ஆஃப்செட் 38: பாதி 107.95. வெளியே 69.95, உள்ளே 145.95. அதாவது வெளித் தோற்றத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, உள்பக்கம் 13 மில்லிமீட்டர் இடம் மிச்சம். 255 டயருக்கு 8.5 அங்குல அகலம் போதும். 275ஐ அதில் ஏற்ற வேண்டாம், பக்கச்சுவர் பிதுங்கி வளைவில் ஆடும்.

நட் விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். ஜப்பான் கார்களின் ஸ்டட் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர். டொயோட்டா, ஹொண்டா, மிட்சுபிஷியில் புரி இடைவெளி 1.5, நிசானிலும் சுபாருவிலும் 1.25. இந்த மஸ்டாங்குக்கு 14 மில்லிமீட்டர், புரி 1.5. ரிம்மோடு கொடுக்கும் 12 நட் உள்ளேயே போகாது, அது பிரச்சினையில்லை. பிரச்சினை ரிம்மின் குழியில். 12க்கென்று குடைந்த குழியில் 14 நட்டின் கூம்பு முழுதாக உட்காராமல் மேல் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். நட்டின் கூம்பில் நீல மார்க்கர் பூசிக் கையால் இறுக்கிக் கழற்றுங்கள். குழி முழுக்க நீலம் ஒட்டியிருந்தால் சரி, மெல்லிய ஒரு வளையமாக மட்டும் ஒட்டியிருந்தால் அந்த ரிம் வேண்டாம். கூம்பு 60 பாகை. ஹொண்டாவின் உருண்டை முகம், டொயோட்டாவின் வாஷர் போட்ட தட்டை முகம் இரண்டும் வேறு இனம்.

மேலே பளபளவென்று மூடி அழுத்திய இரண்டு துண்டு நட்களையும் தவிர்த்துவிடுங்கள். மூடிக்கு அடியில் ஈரம் புகுந்து வீங்கி, ஒரு நாள் மழையில் 21 ஸ்பேனர் அதில் ஏறாது. நல்ல எஃகில் ஒரே துண்டாகச் செய்த நட் போதும்.

ஸ்பேசர் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 5 மில்லிமீட்டர் வரை வெறும் தகடு சரி, ஆனால் அதைப் போட்ட பிறகும் ஹப்பின் உதடு ரிம்முக்குள் புகுகிறதா என்றும், நட் குறைந்தது ஒன்பது முழுச் சுற்று ஏறுகிறதா என்றும் எண்ணிப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி ஸ்டட் உள்ள, ஹப்பில் இறுக்கமாக உட்காரும் 20 மில்லிமீட்டர் வகை. இரண்டு மெல்லிய தகட்டை அடுக்குவது கூடவே கூடாது.

பவுடர் கோட்டிங்: வேலை நல்லது, கை முக்கியம்

மலையக நகரங்களில் பவுடர் கோட்டிங் அடுப்பு வைத்திருப்பவர்கள் முதன்மையாகக் கேட், கிரில், ஜன்னல் சட்டம் பூசுகிறவர்கள். சக்கரமும் பூசித் தருவார்கள். பூச்சின் தரத்தில் குறை சொல்ல முடியாது: ஒரு கோட் 60 முதல் 80 மைக்ரோன், கல் தெறித்தால் எளிதில் உரியாது, பிரேக் தூள் உள்ளே ஊறாது. கேட் வேறு, சக்கரம் வேறு என்பது தெரிந்த கையா என்பதுதான் கேள்வி. கேட்க வேண்டியவை இவை.

பழைய பூச்சை எதில் கழற்றுகிறீர்கள்? இரும்புக் கேட்டுக்குக் கோஸ்டிக் சோடாத் தொட்டி பழக்கம். அலுமினியத்தை கோஸ்டிக் சோடா கரைக்கும். சக்கரத்தை அதில் போட்டால் முகம் குழிகுழியாக வெளிவரும், டயர் உட்காரும் இடமும் அரிக்கப்பட்டுக் காற்று கசியும். பெயின்ட் ரிமூவரால் கழற்றி, பிறகு மெல்லிய கண்ணாடி மணியாலோ நுண்ணிய அலுமினியம் ஒக்ஸைட்டாலோ குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும். ஆற்று மணல் வேண்டாம்.

பூசுவதற்கு முன் வெறும் சக்கரத்தைச் சூடாக்குகிறீர்களா? வார்ப்பு அலோயின் நுண்துளைகளில் காற்றும் எண்ணெயும் தங்கியிருக்கும். முதலில் வெறுமனே சுட்டு அதை வெளியேற்றாவிட்டால், பவுடர் உருகும் நேரத்தில் குமிழ் வந்து ஊசிமுனைத் துளைகளாக நிற்கும். மூன்று மாதத்தில் அந்தத் துளைகள் வழியே வெள்ளைத் துரு கிளம்பும்.

அடுப்பு எத்தனை பாகை, எவ்வளவு நேரம்? பெரும்பாலான பவுடர் 180 முதல் 200 பாகையில் 10 முதல் 20 நிமிடத்தில் முற்றும். அந்த நேரம் உலோகம் அந்தச் சூட்டை எட்டிய பிறகு எண்ண வேண்டியது, அடுப்பில் வைத்த கணத்திலிருந்து அல்ல. கேட்டின் குழாய் சீக்கிரம் சூடாகும், சக்கரத்தின் தடித்த நடுப்பகுதி தாமதமாகும். சரி, சூட்டைக் கூட்டிவிடலாமே என்றால் அங்கேதான் ஆபத்து. அலோய் சக்கரம் வெப்பப் பதம் போட்டு வலுவாக்கப்பட்டது. 200க்கு மேல் சுட்டாலும், திரும்பத் திரும்ப மணிக்கணக்கில் சுட்டாலும் அந்தப் பதம் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது, அடுத்த பள்ளத்தில் எளிதாக வளையும். அதனால் பூசும் கடையில் தெர்மோமீட்டரைச் சக்கரத்தின் உலோகத்தில் வைத்துப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். அடிப்பூச்சு, நிறம், மேலே கிளியர் என்று மூன்று சூளை போடும் கேண்டி ரெட், பிரஷ் வெண்கலம் போன்ற நிறங்களை ஒரு சக்கரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் செய்வதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எங்கெல்லாம் மறைக்கிறீர்கள்? இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. ஹப்பில் உட்காரும் பின்முகம், நடுத்துவாரம், ஐந்து நட் குழி ஆகிய மூன்றும் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். பின்முகத்திலும் குழியிலும் பவுடர் இருந்தால் நட் இறுகுவது உலோகத்தின் மேல் அல்ல, பிளாஸ்டிக்கின் மேல். பிரேக் சூட்டில் அது நசுங்கிக் கசியும். ஒரு மயிரிழை நசுங்கினாலே போல்ட்டின் இழுவிசை விழுந்துவிடும். நட் தளரும், சக்கரம் ஸ்டட்டைச் சப்பும், ஸ்டட் ஒவ்வொன்றாக உடையும். கழன்று ஓடும் சக்கரத்துக்குப் பல வேளைகளில் காரணம் இறுக்க மறந்ததல்ல, இறுக்கியதன் அடியில் இருந்த பெயின்ட். குழிகளுக்குச் சிலிக்கோன் அடைப்பான், பின்முகத்துக்குச் சூடு தாங்கும் டேப். வேலை முடிந்து வாங்கும்போது சக்கரத்தைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தை முதலில் பாருங்கள், முகத்தை அப்புறம் பார்க்கலாம். பின்பக்கம் சுத்தமாக மறைத்துப் பூசியிருந்தால் அந்தக் கடையை நம்பலாம்.

உள் உதட்டில் வளைவு இருந்தால் பூசுவதற்கு முன் எடுக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தால் போதும். காஸ் விளக்கால் சுட்டுச் சுத்தியலால் தட்டுகிற இடத்திலிருந்து சக்கரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஸ்போக்கில் விரிசல் இருந்தால் வெல்டிங் வேண்டாம், அந்தச் சக்கரத்தை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

நிறம்: பளபளக் கறுப்பு எல்லோருக்கும் பிடிக்கும். தேயிலை மலையின் செம்மண் சேறு அதில்தான் முதலில் தெரியும், துடைத்த கீறலும் அதில்தான் தெரியும். மினுக்கமில்லாத மட் கறுப்பில் பிரேக் தூள் பதிந்தால் தேய்த்துப் பளபளப்பாக்காமல் எடுக்க முடியாது. கன்மெட்டல் சாம்பல், அதுவும் பாதி மினுக்கத்தில், இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சிவப்பு, வெள்ளை, கடுநீல மஸ்டாங்குக்குக் கன்மெட்டல் நன்றாக ஒட்டும். கறுப்பு வண்டிக்கு வெண்கலம்.

ரப்பர் பெயின்ட், ஸ்ப்ரே பெயின்ட், டயமண்ட் கட்

பிளாஸ்டி டிப் போன்ற உரிக்கக்கூடிய ரப்பர் பூச்சு, நிறம் பிடிக்குமா என்று பார்க்க நல்ல வழி. 19 அங்குலச் சக்கரம் நான்குக்கும் நான்கு கேன் வேண்டும், மூன்றில் முடிக்கப் பார்த்தால் படலம் மெலிந்துவிடும். முதல் கோட் பாதி மூடினால் போதும். 15, 20 நிமிட இடைவெளியில் ஐந்து கோட். படலம் தடிப்பாக இருந்தால் உரிக்கும்போது ஒரே தோலாக வரும், மெல்லிதாக இருந்தால் துண்டு துண்டாகப் பிய்ந்து ஒரு நாள் முழுக்கச் சுரண்ட வேண்டிவரும். பெற்றோல் பட்டால் கரையும். நட் குழிக்குள் இதுவும் போகக் கூடாது.

நுவரெலியாவில் பொழுது முக்கியம். காலை மூடுபனியிலோ மாலை நாலுக்குப் பிறகோ அடித்தால் பூச்சு பால் போல வெளுக்கும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். டிங்கரிங் கடையில் அடிக்கும் பெயின்ட்டுக்கும் இதே நோய் உண்டு. காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில், சக்கரத்தை வெயிலில் வைத்து வெதுவெதுப்பாக்கிய பிறகு அடிக்க வேண்டும். ஹார்ட்னர் கலக்கும் கிளியர் 15 பாகைக்குக் கீழே மிக மெதுவாகத்தான் முற்றும். இன்ஃப்ராரெட் விளக்கு இல்லாத கடையானால், மறுநாளே டயர் ஏற்றாமல் நாலைந்து நாள் விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டயர் மெஷினின் தாடை பதிந்த இடத்தில் பெயின்ட் சுருண்டு வரும். ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி கட்டிக்கொண்டு அடிக்கிற பொடியன்களுக்கு அது நுரையீரலில் நிரந்தர ஆஸ்துமாவைக் கொடுக்கக்கூடும். கடை முதலாளிமார் இதை இலேசாக எடுக்கக் கூடாது.

டயமண்ட் கட் என்பது லேத்தில் முகத்தை மெல்லச் சீவிப் பளபளப்பாக்கி மேலே லேக்கர் போடுவது. ஒரு கல் தெறித்து லேக்கர் திறந்தால் ஈரம் அடியில் புகுந்து வெள்ளைப் புழு போல நெளிந்து பரவும். மழை அதிகமான ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் அது தொடங்கினால் நிற்காது. மறுபடி சீவலாம், சீவச் சீவ உலோகம் குறைகிறது.

உடலின் தோற்றம்

பொனட்டின் நடுவே இரட்டைக் கோடு ஓடவிடுவதுதான் இந்த வண்டிக்கு மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம். வினைல் ஸ்டிக்கர் ஒட்டுகிற கடைக்கு இரண்டு கட்டுப்பாடு: 16 பாகைக்குக் கீழே ஒட்டக் கூடாது, பெயின்ட்டின் மேல் வைத்துக் கத்தியால் வெட்டக் கூடாது. கத்திக்குப் பதில் நூல் ஓடும் டேப் இருக்கிறது. இந்த மஸ்டாங்கின் பொனட்டும் முன் மட்காட்டும் அலுமினியம். கத்திக் கீறலில் பெயின்ட் திறந்தால் அங்கே கொப்புளம் கிளம்பும். டிங்கரிங் செய்ய விட்டாலும் இதைச் சொல்லி விடுங்கள், இரும்புத் தகட்டுக்குப் பயன்படுத்திய கம்பி பிரஷ்ஷை அதில் தேய்த்தால் இரும்புத் துகள் பதிந்து அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

முழு உடலையும் வேறு நிறத்துக்கு மாற்றினால் பதிவுப் புத்தகத்தில் உள்ள நிறத்தோடு ஒத்துப்போகாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்த வேண்டும். கோடுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

முன் பஃபருக்குக் கீழே லிப் போடுவதும் ஸ்பிரிங் வெட்டி இறக்குவதும் மலைநாட்டுக்கு ஒத்துவராதவை. வீதியிலிருந்து வீட்டு வாசலுக்குச் செங்குத்தாக ஏறும் கொங்கிரீட் சரிவில் லிப் முதல் வாரத்திலேயே பிளக்கும். இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் தயாரித்த ஸ்பிரிங்கில் 25 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், உடனே அலைன்மென்ட் செய்யுங்கள். செய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு கம்பி தெரியும்வரை தேய்ந்திருக்கும், வெளிவிளிம்பு புதிதாகவே இருக்கும்.

மாட்டும் நாள்

ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு மாட்டுங்கள். நட்டை நட்சத்திர வரிசையில் கையால் ஏற்றி, சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது டோர்க் ஸ்பேனரால் 204 நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும். ஏர் கன்னால் அடித்துவிட்டு டோர்க் ஸ்பேனரை ஒரு ‘டிக்’ சத்தத்துக்காக மட்டும் வைப்பது அளப்பதாகாது. நட் ஏற்கெனவே அளவைத் தாண்டியிருந்தாலும் அதே சத்தம்தான் வரும். புரியில் கிரீஸ் பூச வேண்டாம். பூசினால் அதே 204இல் ஸ்டட் தாங்கும் அளவுக்கு மீறி இழுபடும். 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கரம் ஆறிய பிறகு மறுபடி இறுக்கிப் பாருங்கள். பூச்சு வேலை செய்த சக்கரமானால் 300இல் இன்னொரு தடவை.

டயர் பிரஷர் சென்சரைப் பழைய ரிம்மிலிருந்து கழற்றும்போது, வால்வு இருக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து விடுவிக்கச் சொல்லுங்கள். வால்வுக்கு நேரே தட்டு இறங்கினால் சென்சர் நொறுங்கும்.

காற்று விஷயத்தில் மலைக்கு ஏறுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, நுவரெலியா வந்ததும் கொஞ்சம் இறக்கிவிடுவது. தேவையில்லை. கொழும்பில் 30 பாகையில் 32 பிஎஸ்ஐ அடித்த டயரை 1,868 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் 3 கூட்டிக் காட்டும். குளிர் 15 பாகைக்கு இறங்குவதால் 2.3 குறையும். மிச்சம் ஒன்றுகூட இல்லை. ஏறி வந்த சூட்டில் 36, 37 காட்டுவது பிரேக்கும் வளைவும் டயருக்குக் கொடுத்த சூடு. அதைப் பார்த்து இறக்கினால் மறுநாள் காலை 28இல் நிற்பீர்கள், அந்த 28தான் தார் விளிம்பில் ரிம்மை வளைக்கும்.

இறங்கி வந்த சூட்டோடு குளிர் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம், அரை மணி நேரம் ஆறட்டும். ரிம்முக்கு அமிலக் கிளீனர் வேண்டாம், கார் ஷாம்பு போதும்.

கடைசியாக டிக்கியைத் திறந்து பாருங்கள். இந்த மஸ்டாங் பலவற்றில் ஸ்பேர் சக்கரம் இல்லை, சீலன்ட் போத்தலும் சிறு கொம்ப்ரஸரும்தான். சீலன்ட் பக்கச்சுவர்க் கிழிசலை அடைக்காது. இரவு எட்டுக்குப் பிறகு ரம்பொடைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் பஞ்சர் பார்க்கும் கடை திறந்திருக்கும் என்று எண்ணிப் புறப்பட வேண்டாம். ரிம் மாற்றும்போது கழற்றிய பழைய முன் சக்கரத்தில் ஒன்றை விற்காமல் டயரோடு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே 21 சொக்கெட், நீளக் கைப்பிடி, ஜாக் வைக்க ஒரு பலகைத் துண்டு, சாய்வில் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு கட்டை. புது ரிம்முக்கு வேறு வகை நட் என்றால் பழைய சக்கரத்துக்கு உரிய ஐந்து நட்டையும் ஒரு பையில் கட்டி அதோடு போட்டுவிடுங்கள்.